பிசிறு

ரவுமா துறைமுகத்துக்குப் பின்னால்
பழைய மீன்குளிர்க் கிடங்கின் இரண்டாம் மாடியில்
ஒரு கடல் வைத்திருக்கிறோம்.
ஏழு திரைகளில் வளைந்து கிடக்கும்.
உப்பில்லை, ஈரமில்லை.
கப்பலைப் பாறையில் மோதிப் பழகலாம்,
யாரும் சாக மாட்டார்கள்.

அந்தக் கடலின் ஓரங்களுக்கு
நான் பொறுப்பு.

பிக்சல் ஒரு கட்டம்.
சாய்ந்து நிற்கும் கொடிமரத்துக்கு அது தெரியாது;
கால்வாசி உள்ளே நுழைத்து
முக்கால்வாசி வெளியே நிற்கும்.
உள்ளேயா வெளியேயா என்று
ஒரே ஒரு தடவை கேட்டால்
ஆம், இல்லை, அவ்வளவுதான் பதில்.
கயிறெல்லாம் படிக்கட்டாகிவிடும்,
அடிவானம் ரம்பமாய்ப் பல்லிளிக்கும்.
நான்கு தடவை கேள்,
எட்டுத் தடவை கேள்:
கொஞ்சம் மரம், கொஞ்சம் தண்ணீர் என்று
சாம்பல் நிறத்தில் ஒப்புக்கொள்ளும்.
கேட்டுக்கொண்டே இருப்பதுதான் என் வேலை.
பதினாறு மில்லிநொடிக்குள்
கேட்டு முடிப்பது.

பிப்ரவரி. ஜன்னலுக்கு வெளியே
கடல் உறைந்து வெள்ளையாய்க் கிடந்தது.
உள்ளே ஜூன் மாதத்தை ஓடவிட்டிருந்தோம்.
பைலட் தைமி கோர்ப்பெலா
பனிக்காலணியைக் கழற்றிவிட்டு
கம்பளிக் காலுறையோடு சுக்கான் பிடித்தாள்.

முதல் ஓட்டம், எதையும் மழுப்பாமல்.
"கண் வலிக்கிறது" என்றாள்,
ஆனால் வந்து சேர்ந்தாள்.

இரண்டாவது, எட்டு மடங்கு.
கொடிமரங்கள் நேராயின.
மின்விசிறிகள் ஊளையிட்டன,
படம் திக்கித் திக்கி நகர்ந்தது.

மூன்றாவதில்
காலத்தைக் கலக்கும் முறையைப் போட்டேன்.
போன நொடியின் மிச்சத்தை
இந்த நொடியில் குழைத்துப் பூசும்;
செலவு குறைவு, வழவழப்பு அதிகம்.
கடற்காகங்களுக்கு மட்டும்
லேசாக வால் முளைத்தது. பரவாயில்லை என்று நினைத்தேன்.
அலை பட்டுப்போல விரிந்தது.
அந்த அழகில் நான் மயங்கியிருக்க
தைமி பாறையில் ஏற்றிவிட்டாள்.

"பச்சைக் கம்பம் எங்கே?"

பெரிதாக்கிக் காட்டினேன். இருந்தது.
இரண்டு மைல் தூரத்தில்
அதன் அகலம் ஒரு பிக்சலில் ஐந்தில் ஒன்று.
வந்தது, போனது, வந்தது;
குப்பையென்று நினைத்து
என் கணக்கு அதைக் கூட்டிப் பெருக்கியிருந்தது.

"முதல் தடவை தெரிந்ததே," என்றாள்,
"துடித்தது. கண் தானாகப் போய் ஒட்டிக்கொண்டது."

நான் நம்பவில்லை.
ஏழு வருடமாகத் துடிப்பைத்தானே
பிழை என்று எழுதி வருகிறேன்.

மே மாதம் பனி உடைந்ததும்
ஆரஞ்சு நிறப் படகில் என்னை ஏற்றிக்கொண்டாள்.
மூன்றாவது அலையில்
காலையில் குடித்த காபியை
வாளியிடம் ஒப்படைத்தேன்.
கண்ணாடியில் மழை கோடிழுத்தது.
"அதோ" என்றாள். ஒன்றுமில்லை.
"அதோ" என்றாள் மறுபடி.
ஓர் அலை இறங்கியபோது
ஊசி முனை அளவு பச்சை,
அடுத்த அலையில் இல்லை,
அதற்கடுத்ததில் இருந்தது.
அதை யாரும் மழுப்பவில்லை,
யாரும் பெரிதாக்கித் தரவுமில்லை.
சில நொடிகள் நானே அதைத் தேடினேன்,
வாளியைப் பிடித்தபடி.

திரும்பி வந்து
கம்பங்களைத் தனி அடுக்காய்ப் பிரித்தேன்.
எவ்வளவு தூரம் போனாலும்
ஒரு பிக்சலுக்குக் கீழே மெலியக் கூடாது;
அகலத்தில் கொடுக்க முடியாததை
மங்கலில் கழித்துக்கொள்ள வேண்டும்.
"மங்கலும் வேண்டாம்" என்றாள் தைமி.
ஒரு மதியம் முழுக்கச் சண்டை.
பாதி மங்கலில் முடிந்தது,
இருவருக்கும் திருப்தியில்லை.
காலக்கலவை அவற்றைத் தொடாதபடி
வேலி போட்டேன். துடிக்கட்டும்.

ஆகஸ்டில் வாங்க வந்தவர்கள்
கடலைப் பார்த்து மெச்சினார்கள்.
மறுநாள் பிழைப்பட்டியலில் ஒரு வரி:
தொலைவில் கம்பங்கள் நடுங்குகின்றன,
சரிசெய்யவும்.

நீளமாய் ஒரு விளக்கம் தட்டினேன்,
அலை, மழை, வாளி எல்லாம் சேர்த்து.
அழித்தேன்.

"வேண்டுமென்றே" என்று எழுதி
மூடினேன்.

கயிறுகளுக்கு இன்னும் எட்டுதான்.
அவை அழகாகவே இருக்கட்டும்,
கயிற்றை நம்பி யாரும் திரும்புவதில்லை.