நிலவறை வால்வு

வூச் நகரத்தில் பின்னிரவு இரண்டே முக்கால்.
தொட்டிக்கடியில் குழாய் வாயைப் பிளந்துகொண்டது.
போக்னா துண்டைச் சுற்றினாள், போர்வையைத் திணித்தாள்,
கடைசியில் தன் குளிர்கோட்டையும்.
எதற்கும் மசியாத தண்ணீர்
கீழ்வீட்டுக்கு வழி தேடிக்கொண்டிருந்தது.

மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே வால்வு.
அது நிலவறையில், ஸெனோன் பூட்டிவைத்திருக்கும் அறைக்குள்.
ஸெனோனோடு நாலு வருஷமாகப் பேச்சில்லை.

கதவைத் தட்டி
"தண்ணீர்" என்றாள்.
நாலு வருஷத்தில் முதல் சொல்.
பைஜாமாவோடு வந்தார்,
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி.
கொத்தில் எட்டாவது சாவி பொருந்தியது.

சக்கரத்தின் மேல் ஏழெட்டுப் பூச்சுப் பெயின்ட்.
வலமா இடமா என்று தர்க்கம் பண்ண நேரமில்லை;
நாலு கைகள், ஒரு முனகல்,
அரைச் சுற்று, இன்னும் அரை...
மேலே ஆறு மாடிகளும் மூச்சடங்கின.

அவர் தலை திரும்பியது,
வாயிலிருந்த வெளிச்சமும் கூடவே திரும்பியது.
சுவரோரம் அவளுடைய பச்சை சைக்கிள்.
திருடு போனதென்று இவள் போலீஸில் எழுதிக்கொடுத்தது.
கண்ணால் பார்த்ததில்லை என்று அவர் சத்தியம் பண்ணியது.
மணிகூட அப்படியே இருந்தது.

டார்ச்சை வாயிலிருந்து எடுத்தார்.
பேசவில்லை.
இறுக மூடிய வால்விலிருந்து
ஒரு சொட்டு.
கொஞ்சம் பொறுத்து
இன்னொன்று.