ரவை ஏறவில்லை

பட் நம்பர் முப்பத்தொன்பது.
புகார்ச் சீட்டில் இன்ஸ்பெக்டர் ரகோத்தமனின் சிவப்பு மை:
“காக் செய்தும் ரவை ஏறவில்லை. இம்மாதம் இரண்டு முறை.
நிலக்கரி யார்டு, மூன்றாம் டவர், இரவுப் பணி.
காரணம் கண்டு எழுதவும்.”

எண்ணூரில் துப்பாக்கிக்கு வரும் நோய்கள் எனக்குத் தெரியும்.
கிழக்கே உப்பு, மேற்கே சாம்பல்.
எண்ணெய் போட்டுத் துடைத்த இரும்பின் மேல்
விடிவதற்குள் ஒரு மாவுப் படலம்,
விரலால் இழுத்துக் கோலமே போடலாம்.

ரவைகளை எண்ணி வாங்கிப் பூட்டினேன்.
அறை காலியா என்று கண்ணால் ஒரு முறை,
சுண்டுவிரலால் ஒரு முறை.
அப்புறம்தான் மற்றது.

கேஸ் பத்தவில்லை என்றார் ஸ்டோர் கிளார்க் யூனுஸ்.
எதற்கெடுத்தாலும் அவருக்கு கேஸ்தான்.
கேஸைக் குறை சொல்ல
ஒரு ரவையாவது வெடித்திருக்க வேண்டுமே ஐயா,
இங்கே முதல் பந்தியே நடக்கவில்லை.

மகசீனைப் பிரித்து உதறினேன்.
ஒரு சிட்டிகைச் சாம்பல், செத்த எறும்பு ஒன்று.
ஸ்பிரிங்கை அமுக்கினால் கோபமாகத்தான் எழுந்தது.
தட்டு சாயவில்லை. உதடுகளில் நெளிவில்லை.
போன வருஷம் ஒருவன் மகசீனால் ஆணி அடித்திருந்தான்,
டிபன் பை மாட்ட. இது அப்படியும் இல்லை.
டம்மி ரவை இருபது போட்டு இழுத்தேன்.
இருபதும் ஏறின,
ரேஷன் கடையில் சண்டை இல்லாத நாள் போல.
வேறு மகசீன் போட்டேன். ஏறியது.
வேறு துப்பாக்கியில் இதே மகசீன். அதிலும் ஏறியது.
மூன்று நாள்.
என் கட்டைவிரல் நகம் கறுத்ததுதான் மிச்சம்.

நான்காம் நாள் விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது
மகசீனின் முதுகில்
கொக்கி கடிக்கும் இடத்துக்கு ஒரு நூல் மேலே
பளபளவென்று ஒரு கோடு.
ஒரு நாளில் விழுந்த கோடு அல்ல.
அதே இடத்தில் நிறுத்தி நிறுத்தி
இரும்பே பழகிப்போன கோடு.

அப்படி அரைகுறையாக மாட்டினால் விழாது, ஆடாது,
பார்க்கிறவனுக்கு முழுசு போலத்தான் தெரியும்.
போல்ட் மட்டும்
மேல் ரவையின் தலையைத் தடவிக்கொண்டு போய்
வெறும் அறையைச் சாத்திக்கொள்ளும்.

தேசப்பனைக் கூப்பிட்டேன். தாழங்குப்பத்துப் பையன்.
“மாட்டிக் காட்டு.”
முன் நுனியைக் கொடுத்தான், பின்னால் இழுத்தான்.
டக்.
பயிற்சிப் பள்ளி டக்.
“டவர்ல மாட்ற மாரி மாட்டு.”

ஜன்னலைப் பார்த்தபடி நின்றான்.
அங்கே வேகன்கள். வேகன்களுக்கு அடியில்
கோணிப்பையோடு குனிந்த இரண்டு மூன்று முதுகுகள்,
பட்டப்பகலில்.
“ஆத்துல எறா இல்ல ஏட்டம்மா.
பக்கத்துல நின்னுகினு கால்ல சுடுன்றாரு.
இருட்டுல கால் எது, தல எது?”
மேற்கொண்டு அவன் சொல்லவில்லை.
நான் கேட்கவும் இல்லை.

அவன் போன பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது.
கேபிள் திருடும் கும்பல் ஒரு ராத்திரி
கத்தியோடு டவரில் ஏறினால்
இவன் பெண்டாட்டியிடம் எந்தச் சீட்டை நீட்டுவேன்?
பேனாவை மூடினேன். திறந்தேன்.
‘காரணம்’ என்ற கட்டத்தில்
‘மகசீன் ஸ்பிரிங் தளர்வு, மாற்றப்பட்டது’ என்று எழுதி
நல்ல ஸ்பிரிங்கைக் கழற்றி
இன்னொரு நல்ல ஸ்பிரிங்கைப் போட்டேன்.
கோட்டின் மேல் ஒரு கை கறுப்பு பூசினேன்.

அன்றிரவு வீட்டுக்கு
மூன்றாம் டவர் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனேன்.
ட்யூட்டி மாறும் நேரம்.
மேலே, மஞ்சள் பல்புக்குக் கீழே,
ஒருவன் மகசீனை எடுத்துப் பொருத்துகிறான்.
நின்று காதைக் கொடுத்தேன்.

அத்திப்பட்டிலிருந்து கரி வண்டி
ஐம்பத்தெட்டு வேகனோடு
நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.