பின்னால் நகரவும்

பங்கேற்பாளர் எண் ஐந்து.
பெயர் குறிக்கக் கூடாது என்பது விதி.
ஓரத்தில் பென்சிலால் குறித்துவிட்டேன்: போகுமிவா.
வூச் நகரம், நான்காம் மாடி, நவம்பர்;
விடிந்ததா இல்லையா என்று
ஜன்னலுக்கே தெரியாத ஒரு காலை.
டிராம் பணிமனையில் இரவுப் பணி முடித்து வந்தவள்
கோட்டைக் கழற்றாமலே போனை வாங்கிக்கொண்டாள்.

நான் உதவக் கூடாது. தலையசைக்கக் கூடாது.
'என்ன நினைக்கிறீர்கள்?' என்று மட்டும் கேட்கலாம்.
கேட்டபின் வாயைத் திறக்கக் கூடாது.

திரையில் என் நீல அம்பு,
மூன்று வாரம் உட்கார்ந்து நான் வளைத்த அம்பு,
மூலையைத் தேடித் துடித்தது.
வெள்ளைச் சுவரில் அதற்குக் கண் தெரியாது.
பின்னால் நகரவும், என்றது.
ஓரடி நகர்ந்தாள்.
பின்னால் நகரவும்.
முதுகில் அடுப்பு மேடை இடித்தது.
பின்னால் நகரவும்.
செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறி நின்றாள்.
தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண்.

'என்ன நினைக்கிறீர்கள்?'
'இதைச் செய்த ஆளுக்கு
வீடு பெரிது என்று நினைக்கிறேன்.'

என் வீடும் இவ்வளவுதான்.
ஆனால் அம்பைச் சோதித்தது வீட்டில் இல்லை,
அலுவலகத்தில்: பழைய பருத்தி ஆலை,
இருநூறு தறி ஓடிய கூடம்.
அங்கே பின்னால் நகர நகர
இடம் வந்துகொண்டே இருந்தது.
இதை அவளிடம் சொல்லக் கூடாது. சொல்லவில்லை.

கடைசியில் கதவைத் திறந்து
நடைவழிக்கே போய்விட்டாள்.
தள்ளுவண்டியும் குழந்தையுமாய் வந்த பக்கத்து வீட்டுக்காரர்
சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்.
வெளியே நின்றால்தான் உள்ளே அளக்க முடிந்தது.
'பயனர் அறையைவிட்டு வெளியேறினார்'
என்று எழுதி, அடிக்கோடு போட்டேன்.

அம்பு பிடித்தது. ஒரு மூலை, இரண்டு, மூன்று.
நான்காவதாக அலமாரிக் கண்ணாடிக்குள் புகுந்து
அங்கிருந்த மூலையையும் எடுத்துக்கொண்டது.
பதினெட்டே கால் சதுர மீட்டர்.
அவள் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது.
'சங்கத்துக்குக் காட்டிவிடாதே,
மீட்டர் கணக்கில்தான் கட்டணம் போடுகிறார்கள்.'

பிறகு வரைபடத்தை விரலால் பெரிதாக்கினாள்.
கண்ணாடிக்கு அப்பால் இன்னோர் அறை,
இடம் வலம் மாறி, காலியாக.
'இங்கே ஒரு மேசை போடலாம்' என்றாள்.
வேடிக்கையாகச் சொன்னாளா, தெரியாது.
கேட்க எனக்கு அந்த ஒரே கேள்விதான் இருந்தது;
அதையும் கேட்கவில்லை.

ஐம்பது ஸ்வாட்டி பரிசுச் சீட்டு. கையெழுத்து. நன்றி.

கண்ணாடிப் பிழையை அடுத்த பதிப்புக்குத் தள்ளினார்கள்.
வாசகத்தை மட்டும் மாற்றச் சம்மதித்தார்கள்:
'இடமிருந்தால் பின்னால் நகரவும்.'
செவெரின் திரையைத் திருப்பிக் காட்டினான்.
பெட்டிக்குள் வாசகம் அடங்கவில்லை,
கடைசிச் சொல் விளிம்பில் வெட்டுப்பட்டு நின்றது.
'ஒரு சொல்லை எடுத்துவிடேன்' என்றான்.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து
பெட்டியை அகட்டத் தொடங்கினேன்,
நான்கு நான்கு பிக்சலாக.