தடைக்காலம்

"என்றைக்கும்" என்று எழுத
அந்தப் படிவத்தில் இடமில்லை.
தேதிதான் கேட்கும்.
யாரோ போட்டிருக்கிறார்கள்:
9999 டிசம்பர் 31.

தார்த்து பல்கலைக்கழக நூலகம்.
செத்துப்போன சுட்டிகளைத் தேடிய லேலோவுக்கு
இது தட்டுப்பட்டது.
சதுப்புநிலப் பாசி பற்றிய ஆய்வேடு,
நாற்பத்தொரு பக்கம்,
தரவிறக்கம் பூஜ்யம்.

நெறியாளருக்கு எழுதினாள்.
"பூட்டியது நான்தான்.
பையன் கூச்சப்பட்டுக் கேட்டான்."
அவ்வளவுதான் பதில்.
பையனுக்குப் போட்ட மின்னஞ்சல்
முகவரி இல்லையென்று திரும்பியது.

சுருக்கம் மட்டும் திறந்திருந்தது:
பாசி படிவது
ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்.

கணக்குப் போட்டாள்.
பூட்டு திறக்கும் நாளில்
மேலே எட்டு மீட்டர் இருக்கும்.

தேதியின்மேல் சுட்டியை வைத்தாள்,
எடுத்தாள்.

குறிச்சொல்லில் ஓர் எழுத்துப்பிழை.
அதைத் திருத்திச்
சேமித்துவிட்டுக்
காபி குடிக்கப் போனாள்.