பேனாவைத் திருப்பித் தர வந்தவள்

பாட்டக்கெட் நகரில் பிப்ரவரி.
வெளிநோயாளர் பிரிவின் வாசலில்
உப்புத் தூவிய பனி, சாம்பல் நிறக் கூழாய்.
பூட்ஸைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள் இல்டா பச்சேக்கோ.
வந்த காரணம் என்ற கட்டத்தில்
வரவேற்பில் ஒரே சொல் எழுதி அனுப்பியிருந்தார்கள்:
மனச்சோர்வு.

என் வேலை கேள்வி கேட்பது.
நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
உண்டு, இல்லை, தெரியவில்லை.
அவளுடைய பழைய கோப்புகளில் எல்லாரும்
அந்த முதல் 'உண்டு'டன் நிறுத்தியிருந்தார்கள்.
ஒரு கதவைத் திறந்துவிட்டு
வீடு முழுக்கப் பார்த்ததாகக் கையெழுத்து.

கூட்டத்தில் மூச்சு முட்டுமா? முட்டும்.
சாப்பிட ஆரம்பித்தால் நிறுத்த முடியாமல்?
குளிர்பெட்டி வெளிச்சத்தில், நின்றபடி, கரண்டி இல்லாமல்.
குடி?
"எப்போதிலிருந்து என்று கேளுங்கள்."
திரும்பத் திரும்ப வரும் கனவு?
சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
மாற்றாந்தகப்பனின் சாவிக்கொத்துச் சத்தம் என்றாள்.
அவ்வளவுதான் சொன்னாள்.
உண்டு என்று குறித்தேன்.
அந்தச் சத்தத்துக்குக் கட்டம் சிறியது.

யாராவது விட்டுப் போய்விடுவார்களோ என்று…
"போகுமுன் நானே சண்டை போட்டு அனுப்பிவிடுவேன்.
துரத்தியது நான் என்றால்
தனியாக இருப்பதில் கொஞ்சம் மரியாதை இருக்கிறது."

உள்ளே வெறுமை?
முதல்முறையாக யோசித்தாள்.
இரவில் சலவைக்கூடம் பூட்டுகிறவள் அவள்.
"பதினோரு மணிக்கு எல்லா இயந்திரமும் நிற்கும்.
முப்பத்தாறு வட்டக் கதவும் திறந்து கிடக்கும்.
உள்ளே ஒன்றுமில்லை. ஆனால் இன்னும் சூடு.
அதுதான்."

அப்புறம் நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
அரை விநாடி. தெருவில் நிறுத்திய காரின் மீட்டர் ஞாபகம்.
எழுந்துவிட்டாள். நாற்காலி சுவரில் மோதியது.
"நீயும்தான்" என்றாள்,
இருபது நிமிடம் முன்பு
இந்த ஊரில் காது உள்ள ஒரே ஆள் நீங்கள் என்றவள்.
அவளோடு என் பேனாவும் போனது.

மாலையில் குழுக்கூட்டம்.
எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு, கூடவே இன்னும் ஐந்து
என்று வாசித்தேன்.
"ஓ, அந்த வகையா" என்றார் டாக்டர் வின்ஸ்லேட்,
காபிக் கோப்பைக்கு மூடியை அழுத்திக்கொண்டே.
அந்த 'ஓ'
கதவு சாத்தும் ஓசைதான்.
நானும் சொன்னதுண்டு.

செவ்வாய்க்கிழமை வந்தாள், முன்பதிவு இல்லாமல்.
பேனாவை மேசைமேல் வைத்தாள். மூடியில் பல் தடம்.
"வரமாட்டேன் என்றுதானே நினைத்தாய்?"
ஆமாம் என்றேன்.
அதற்குத்தான் உட்கார்ந்தாள்.

பெயரைச் சொன்னேன்.
"எல்லைக்கோடா? எதற்கும் எதற்கும் நடுவில்?"
பழைய பெயர், டாக்டர்கள் சிலர்
தங்களுக்குப் புரியாத இடத்தில் கிழித்த கோடு என்றேன்.
"முப்பத்தொரு வருடமாக அங்கேதான் குடியிருக்கிறேன்.
முகவரியை யாரும் சொல்லவில்லை."
சிரித்தாளா, தெரியவில்லை. கண்ணைத் துடைத்தாள்.

பத்து ஐம்பதுக்குக் கடிகாரம் பார்ப்பேன் என்றேன்,
பார்க்குமுன் சொல்லிவிடுவேன்.
"சொல்லிவிட்டுப் பார்."

இன்னும் நாற்பத்தேழு பக்கம்.
பேனாவின் மூடியைக் கழற்றி
எழுதும் முனை தன் பக்கம் இருக்க
என்னிடம் நீட்டினாள்.