பதினேழாம் கேள்வி

தப்ரீஸ். பனி இறுகிக் கறுத்த சந்து.
நாற்பது படிவங்களை மார்போடு அணைத்துக்கொண்டு
சோல்மாஸ் படியேறுகிறாள்.
பின்னால் கைப்பிடிச் சுவரைப் பற்றியபடி இல்ஷான்,
புள்ளியியல்காரன், முழங்கால் வலிக்காரன்.

மூன்றாம் மாடியில் கதவைத் திறந்தவள் மஹ்லகா.
கணவன் பள்ளிப் பேருந்து ஓட்டுபவன்,
டயர் கிடைக்காமல் பதினோரு நாளாய்
ஜன்னலோரம் உட்கார்ந்து
தெருவை ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

தேநீர் வருகிறது.
கிண்ணத்தில் எட்டுச் சர்க்கரைக் கட்டிகள்.
எண்ணிவிட்டான் இல்ஷான், அது அவன் வியாதி.
திரும்பும்போதும் எட்டு இருந்தன.

படிவம் பாரசீகத்தில். அதை
வாசல் மொழியான துருக்கியில் மாற்றி மாற்றிக் கேட்கிறாள்:
எத்தனை பேர், எத்தனை அறை, வாடகை எவ்வளவு.
பதினேழு:
கடந்த முப்பது நாளில், விலை கட்டாமல்
நீங்கள் வாங்காது விட்ட பொருள்கள் எத்தனை?

மஹ்லகா யோசிக்கிறாள்.
மரியாதைக்கு அல்ல, நிஜமாகவே.
"ஒன்றுமில்லை."

பேனா நிற்கிறது.
"ஆட்டிறைச்சி?"
"அதை விட்டு மூன்று வருஷம் ஆயிற்றே.
நீங்கள் கேட்டது முப்பது நாள்."
"பிஸ்தா?"
"பிஸ்தாவா!"
வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.
பொத்திய கைக்குப் பின்னால் ஒரு பல் இல்லை.
அதுவும் முப்பது நாளுக்கு முந்தியதுதான்.

எழுதியாயிற்று: 0.

மாலை, எல்கோலிப் பக்கம் ஒரு வீடு.
மின்தூக்கிக்குள்ளேயே வாசனை தெளித்திருந்தார்கள்.
நாய்க்குக்கூட வேறு நாட்டுத் தீனி,
துபாய் வழியாக வருகிறதாம்.
பதினேழுக்கு அந்த மனிதர்
கைபேசியிலிருந்து தலையே தூக்கவில்லை.
"ஒன்றுமில்லை."

0.

இரவு, பல்கலைக்கழகத்தின் பின்கட்டு.
கணக்குப் போடும் மென்பொருள்
இந்த நாட்டுக்குத் தர மாட்டோம் என்கிறது.
அதை ஏமாற்ற
கணினியின் நாட்காட்டியை ஒன்பது வருஷம்
பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறான் இல்ஷான்.
அந்தத் திரையில்
இறைச்சிக் கடையில் மஹ்லகாவுக்கு இன்னும் கடன் சொல்லலாம்.
அந்தப் பல் இன்னும் விழவில்லை.

அங்கே இரண்டு பூஜ்யங்கள்
ஒன்றின் கீழ் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன,
ஒரு வயிற்றில் பிறந்தவை மாதிரி.

என் மொழியில் இதைச் சுழி என்றும் சொல்வோம்.
ஆற்றில் ஆளை உள்ளிழுப்பதற்கும் அதே பெயர்.
கரையில் நிற்பவனுக்கு வட்டம்,
கால் வைத்தவனுக்கு ஆழம்.
அவர்கள் இருவருக்கும் இது தெரியாது.
தெரியாமலே சண்டை போடுகிறார்கள்.

"நடுவில் கேள்வியை மாற்றினால்
இருநூற்றுப் பன்னிரண்டு படிவமும் குப்பை."
"மாற்றாவிட்டால்?"
"பின்னிணைப்பில் ஒரு குறிப்பு போடலாம்."
"பின்னிணைப்பை யார் படிக்கிறார்கள்,
நீ படிப்பாயா?"

அவன் பதில் சொல்லவில்லை.
அவள் கட்டின் அடியிலிருந்து
முதல் படிவத்தை உருவுகிறாள்:
சோதனைக்காக, வேலை தொடங்கிய நாளில்,
இல்ஷான் தனக்குத்தானே நிரப்பியது.
பதினேழு: 0.
"ஊசி?" என்கிறாள். முழங்காலைப் பார்க்கிறாள்.

எந்த மருந்துக் கடையிலும் அதைக் கேட்பதை
அவன் நிறுத்தி இரண்டு குளிர்காலம்.
வலியை மட்டும் வாங்காமல் விட முடியவில்லை.
திரையை அணைக்கிறான்.
அறையில் தேதி மறுபடி இன்றைக்கு வந்துவிடுகிறது.

மறுநாள் காலை, இருநூற்றுப் பதின்மூன்றாவது வீடு.
சரக்கு லாரி ஓட்டிய ஒருவர், பெயர் குர்பான்.
பதினேழு வந்ததும்
சோல்மாஸ் தாளைப் பார்க்காமல் கேட்கிறாள்:
"எதையெல்லாம் நினைத்துப் பார்ப்பதையே விட்டுவிட்டீர்கள்?"

இல்ஷான் தடுக்கவில்லை.

குர்பான் நெடுநேரம் பேசவில்லை.
ஹீட்டர் இரண்டு முறை அணைந்து பற்றியது.
பிறகு, தொண்டையைச் செருமி,
ஆரம்பித்தார்.

விடைக்கென்று படிவத்தில் இருந்த கட்டம்
ஒரே ஒரு எண் அகலம்.
தாளைத் திருப்பிக்கொண்டாள்.