வீ

சனிக்கிழமை இரண்டரை மணி பஸ்ஸில்
இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி
இங்கிலீஷ் கொண்டுபோகிறேன் ஏற்காட்டுக்கு.
அடிவாரத்தில் வாங்கிய எலுமிச்சம்பழம்
மூக்கோரம்.
மணிக்கு முந்நூறு, டீ தனி.
நான் படித்தது எம்.ஏ. தமிழ்.
ரிசார்ட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

துணி மடிக்கும் அறைதான் வகுப்பு.
இஸ்திரிச் சூடு ஆறாத மேசையில்
ஒன்பது நோட்டு.
சேர்வராயன் கேட்டில் நிற்பவன்,
வருகிற காருக்கெல்லாம்
'வெல்கம் மேடம்' என்பான்,
உள்ளே யார் இருந்தாலும்.
ஃபிலோமினா வரவேற்பு மேசை.
'தி' எங்கே போடுவதென்று
நான்கு வாரம் நடத்தியும் பிடிபடாமல்
எல்லாவற்றுக்கும் போடுகிறாள்:
தி ஏற்காடு, தி சேலம், தி மழை.
பேசுகிற இருவருக்கும் எது என்று தெரிந்திருந்தால்
அங்கே 'தி' வரும் என்று சொல்லிவைத்தது
நான்தான்.
நாலரை மணிக்கு மூடுபனி ஏறி
ஜன்னல் அழிந்துபோகும்போது
தி மழை என்பதுதான்
சரியாகவும் படுகிறது.

கடைசியில் முங்லி ஹேம்ப்ரம்.
தும்கா பக்கம் ஏதோ கிராமம்.
காப்பி பறிக்க வந்தவள்
இப்போது அறை துடைக்கிறாள்.
இரண்டு வருடத் தமிழ்,
அதில் பாதி
ஃபிலோமினாவிடம் வாங்கிய திட்டு.

போன வாரம் நோட்டுக்குள்ளிருந்து
ஒரு தாள் எடுத்து நீட்டினாள்.
அறிவிப்புப் பலகையில் இருந்தது,
நாலு மூலையிலும் குண்டூசித் துளை.

வீ ஆர் ஒன் ஃபேமிலி.
வீ ஹேவ் டிசைடட் டு ஸ்டாப் தி ஸ்டாஃப் மீல்.

"மிஸ், இது நாமளா, நாங்களா?"

இங்கிலீஷில் இரண்டும் ஒன்றுதான் என்றேன்.
"அது எப்படி ஒண்ணாகும்?" என்றான் சேர்வராயன்.
சாக்பீஸை உருட்டிக்கொண்டு நின்றேன் கொஞ்ச நேரம்.
பிறகு போர்டில் எழுதினேன்:
முதல் வீ, நாம்.
இரண்டாவது வீ, நாங்கள்.
இடையில் இருப்பது ஒரு முற்றுப்புள்ளி.

ஹேவ் டிசைடட், பிரசென்ட் பெர்ஃபெக்ட்:
காரியம் முடிந்தது, அதன் விளைவு இன்னும் இருக்கிறது.
"முடிவெடுத்தாச்சு,
பசி இன்னும் இருக்குது" என்றான் அவன்.
இதைவிட நல்ல உதாரணம்
எந்தக் கைடிலும் நான் பார்த்ததில்லை.

முங்லி சொன்னாள்:
"எங்க பாசையிலயும் ரெண்டு.
அபோன்னா நீயும் சேத்தி.
அலேன்னா நீ இல்ல.
ரெண்டே பேருன்னா
அதுக்கு வேற ரெண்டு."

நாலு நாம் வைத்திருக்கிறவள்
ஒற்றை வீக்கு முன்னால்
கை கட்டி உட்கார்ந்திருக்கிறாள்.
நான் அவளுக்கு
உச்சரிப்பு திருத்துகிறேன்.

பழந்தமிழில் வீ என்றால் பூ,
அதிலும் உதிர்ந்த பூ.
வாய்வரைக்கும் வந்தது.
வெளியே காப்பிச் செடிக்கடியில்
வெள்ளையாகக் கிடந்தது.
சொல்லவில்லை.
அதற்கு யாரும் முந்நூறு தருவதில்லை.

வீட்டுப்பாடம்: ஆளுக்கொரு வாக்கியம்,
சொந்தமாக.
இன்று ஒன்பது நோட்டைத் திறந்தால்
ஒன்பது கையெழுத்தில் ஒரே வாக்கியம்:
வீ டூ நாட் அக்ரீ.
காப்பியடித்தார்கள் என்று கோபப்படவும் முடியாது,
சேர்ந்தடித்திருக்கிறார்கள்.

ஃபிலோமினா மட்டும்
தி வீ டூ நாட் அக்ரீ.

இது என்ன என்றேன்.
"எந்த வீன்னு ரெண்டு பேருக்கும் தெரியணும்ல, மிஸ்?"

சிரித்தார்கள். நானும்தான்.
முங்லி சிரிக்கவில்லை.
நோட்டை என் பக்கம் திருப்பி
வீயின் மேல் விரலை வைத்தாள்.

"இதுல நீங்க அபோவா, அலேயா?"

மேனேஜர் கொடுத்த கவர்
கைப்பையில், இன்னும் பிரிக்காமல்.
ஏரிப் பக்கம்
கடைசி பஸ் ஹாரன் அடிக்கிறது, ஒருமுறை,
இன்னொருமுறை.

எட்டு நோட்டிலும் சிவப்பு மையில் டிக் போட்டேன்.
ஒன்பதாவதில்
அந்தத் 'தி'யைச் சுழித்து அடிக்கப் போன பேனா
தாளுக்கு மேலேயே நிற்கிறது.